டூலாலி: வீடு திரும்பக் காத்திருந்தவர்கள் விட்டுப்போன சொல்

நான் வசன வரிகள் மொழிபெயர்க்கிறவள். படத்துக்குக் கீழே இரண்டு வரியாக ஓடுமே, அதுதான் என் தொழில். போன வருஷம் ஒரு பிரிட்டிஷ் தொடரில் ஒரு காட்சி வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வயதான அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே ஆபரேஷன் நடக்கிறது. யாரும் வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே சொல்கிறாள்: இன்னும் ஒரு மணி நேரம் இங்கே உட்கார்ந்தால் நான் டூலாலி ஆகிவிடுவேன்.

‘பைத்தியம் பிடித்துவிடும்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அர்த்தத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சொல்லின் ஒலி காதிலேயே நின்றது. ஆங்கிலச் சொல் மாதிரியே இல்லை. லத்தீனும் இல்லை, பிரெஞ்சும் இல்லை. தேடிப் போனபோது அது போய் நின்ற இடம் மகாராஷ்டிரத்தில் ஒரு ரயில் நிலையம்.

மும்பையிலிருந்து நாசிக் பக்கம் போகும் ரயில்கள் கசாராவில் கொஞ்ச நேரம் நிற்கும். பின்னால் கூடுதல் என்ஜின்களை மாட்டி, தள்ளிக்கொண்டே தால் கணவாயில் ஏற்றுவார்கள். 37 அடி நகர்ந்தால் 1 அடி உயர்கிற பாதை. ரயிலுக்கு அது பெரிய ஏற்றம். இகத்புரிக்கு வந்ததும் பின் என்ஜின்கள் கழன்றுகொள்ளும். கடலோரப் புழுக்கம் கீழேயே தங்கிவிடும், காற்று மாறும். அதற்குப் பிறகு பீடபூமி. நாசிக் ரோடுக்கு முந்தின நிலையம் தேவ்லாலி. எல்லா எக்ஸ்பிரஸும் அங்கே நிற்பதில்லை. இந்த ஊர்ப்பெயர்தான் இங்கிலாந்தில் ‘புத்தி கலங்கிப்போதல்’ என்ற அர்த்தத்தில் இன்றும் புழங்குகிறது.

மராத்தியில் ஊர்ப்பெயரை எழுதும்போது நடுவில் வருவது நம்முடைய ‘ள’. தேவளாலி. ஆங்கிலேயனுக்கு நாக்கை மடக்கி ‘ள’ சொல்ல வராது. அது ‘ல’ ஆயிற்று. ‘தே’யில் நாக்கு பல்லைத் தொட வேண்டும், அவன் அதைப் பல்லுக்கு மேலே தொட்டான், ‘டே’ ஆயிற்று. ராணுவக் காகிதங்களில் ‘வ’ போய் ‘ஓ’ வந்து ‘டியோலாலி’ என்று எழுத்து நிலைத்தது. படிக்காத சிப்பாயின் வாயில் ‘டியோ’ சுருங்கி ‘டூ’ ஆயிற்று. டூலாலி. சொல்லும்போது அழுத்தம் நடுவிலுள்ள ‘லா’வில் விழும்.

இதை டோலியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மலைக்கிராமத்தில் நோயாளியைக் கம்பில் கட்டித் தூக்கி வருகிறார்களே, அந்த டோலியும் ‘டூலி’ என்று ராணுவ ஆங்கிலத்தில் ஏறியது. அது வேறு, இது வேறு.

இங்கிலாந்தில் இந்தச் சொல் எப்படிப் புழங்குகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இது வீட்டுக்குள் பேசும் சொல். கார் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடும் பாட்டி தன்னைப் பற்றியே ‘நான் டூலாலி ஆயிட்டு வரேன்’ என்பாள். கரண்ட் பில்லைப் பார்த்துக் கத்திய அப்பாவைப் பற்றிப் பிள்ளைகள் ‘அப்பா டூலாலி ஆயிட்டார்’ என்பார்கள். கம்ப்யூட்டர் தானாகவே அணைந்து அணைந்து எரிந்தால் அதுவும் டூலாலிதான். பெரும்பாலும் ‘ஆகிவிட்டது’ என்கிற வினையோடுதான் வரும். ‘டூலாலி மனிதன்’ என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வைத்து யாரும் அதிகம் பேசுவதில்லை. அது ஒருவருடைய குணம் இல்லை, ஒருவர் போய்ச் சேர்கிற நிலை. இந்தச் சின்ன இலக்கணத்தில்தான் சொல்லின் பூர்வீகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது என் எண்ணம். ஏனென்றால் டூலாலி என்பது உண்மையிலேயே ஆட்கள் போய்ச் சேர்ந்த இடம்.

1857-க்குப் பிறகு பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் எண்ணிக்கையை நிரந்தரமாக உயர்த்தி வைத்தது. எந்த நேரமும் 60,000, 70,000 பேர் இங்கே இருந்தார்கள். சேவைக்காலம் முடிந்தவர்கள் வருஷா வருஷம் போக வேண்டும், அவர்கள் இடத்துக்குப் புதியவர்கள் வர வேண்டும். இந்தப் போக்குவரத்துக்கென்று 1861-இல் தேவளாலியில் ஒரு முகாம் போட்டார்கள். பம்பாய்த் துறைமுகத்துக்குப் பக்கம். ஆனால் மேட்டில் இருப்பதால் பம்பாயின் புழுக்கமும் காய்ச்சலும் குறைவு. 1865-இல் தால் கணவாய் வழியாக ரயில் பாதை திறந்ததும் வசதி முழுமையாயிற்று. கப்பலில் வந்து இறங்கினவர்கள் இங்கே வந்து ரெஜிமெண்டுகளுக்குப் பிரிந்து போனார்கள். காலம் முடிந்தவர்கள் நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் இங்கே வந்து குவிந்தார்கள்.

புதிதாக வந்தவர்கள் சீக்கிரமே கிளம்பிப் போனார்கள். போக வேண்டியவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

காரணம் கடல். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலில் தென்மேற்குப் பருவக்காற்று. அதற்கு முன்னும் பின்னும் செங்கடலில் கொடும் வெப்பம். இரும்புக் கப்பலின் அடித்தட்டில் ஆயிரம் பேரை அடைத்துக்கொண்டு அதைக் கடக்கவே முடியாது. அதனால் படைக்கப்பல்கள் குளிர்காலத்தில் மட்டும்தான் ஓடின, ஏறத்தாழ இலையுதிர் காலத்திலிருந்து மார்ச் வரை. இந்தியப் பயணத்துக்கென்றே 1860-களில் ஐந்து கப்பல்கள் கட்டினார்கள்: செராபிஸ், குரோகடைல், யூஃப்ரடீஸ், ஜம்னா, மலபார். ஒவ்வொன்றிலும் ஆயிரத்துச் சொச்சம் பேர். மார்ச் மாதக் கடைசிக் கப்பல் போன பிறகு ஒருவனுடைய சேவைக்காலம் முடிந்தது என்று வையுங்கள். அடுத்த கப்பல் வெயில் காலம், மழைக்காலம் இரண்டும் கழிந்த பிறகுதான். அவனுக்குப் பத்திரமெல்லாம் கையில் இருக்கிறது, ராணுவத்தோடு கணக்கு முடிந்துவிட்டது, ஊருக்குக் கடிதம் போட்டாகிவிட்டது. ஆனால் நகர முடியாது.

அவர்களுக்குப் படையில் ‘காலாவதியானவர்கள்’ என்றே பெயர்.

இந்தக் காத்திருப்பைப் பற்றி எழுத்தில் விட்டுப்போனவர்களில் முக்கியமானவர் ஃபிராங்க் ரிச்சர்ட்ஸ். வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து, பிறகு சிப்பாயாகி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலும் பர்மாவிலும் இருந்தவர். அதிகாரி இல்லை, சாதாரணத் துருப்பு. அவருடைய நினைவுக்குறிப்புகள் 1936-இல் வந்தன. அதில் தேவளாலி முகாமைப் பற்றி அவர் சொல்வது இதுதான்: காலம் முடிந்தவர்கள் கப்பலுக்காக மாதக்கணக்கில் அங்கே கிடக்க வேண்டி வரும். அவர்களிடம் துப்பாக்கியும் கிடையாது, போர்த் தளவாடமும் கிடையாது. எப்போதாவது சாமான் மூட்டையைப் பிரித்து அதிகாரிக்குக் காட்ட வேண்டும். எப்போதாவது ஒரு நடைப்பயிற்சி. மற்ற நேரமெல்லாம் சும்மா. அத்தனை வருஷம் ஒரு கரும்புள்ளி இல்லாமல் இருந்தவர்கள் அங்கே வந்து பெரிய வம்பில் சிக்கி, ஊருக்குப் போவதற்கு முன் ஜெயிலுக்குப் போனார்கள். சிலர் பால்வினை நோய் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்த முகாமின் சலிப்பால் ஆட்கள் விசித்திரமாக நடந்துகொண்டதிலிருந்துதான் ‘அவனுக்கு டூலாலி டாப் வந்துவிட்டது’ என்ற பேச்சு பிறந்திருக்கும் என்கிறார்.

சலிப்பு என்று அவர் சொல்வதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு சிப்பாயின் நாளை நினைத்துப் பாருங்கள். விடியலில் ஒரு பியூகிள், பரேடுக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, விளக்கணைக்க ஒன்று. எப்போது எழ வேண்டும், எதைத் துடைக்க வேண்டும், யாருக்கு சல்யூட் அடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு நிமிஷமும் வேறொருவர் போட்டுக் கொடுத்தது. 1870-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு படையில் ஆறு வருஷம், சேமப்படையில் ஆறு வருஷம் என்பது வழக்கமான கணக்கு. ஆறேழு வருஷம் அப்படிப் பழகினவனிடமிருந்து ஒரே நாளில் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, வேலையைப் பிடுங்கிக்கொண்டு, கூட இருந்த ரெஜிமெண்ட்காரர்களிடமிருந்தும் பிரித்து, முன்பின் தெரியாதவர்களோடு ஒரு பாரக்கில் போட்டு, ‘கப்பல் வரும், இரு’ என்கிறார்கள். அவனுடைய உடம்பு இந்தியாவில் இருக்கிறது, மனசு கார்டிஃப்பிலோ பர்மிங்ஹாமிலோ இறங்கிவிட்டது. கையில் வேலை இருந்தால் அந்த இரண்டையும் இழுத்துப் பிடித்திருக்கலாம். வேலை இல்லை.

இதோடு உடம்பு சார்ந்த காரணங்களும் இருந்தன. சொல்லின் பழைய வடிவத்தில் அது தெரிகிறது. முதலில் இது வெறும் டூலாலி இல்லை, ‘டூலாலி டாப்’. 1925-இல் லண்டனில் வெளிவந்த படைவீரர், மாலுமிகளின் சொல்லகராதி ஒன்றில் இந்த வடிவமே இருக்கிறது. அப்போதே அதைப் பழைய ராணுவ வழக்கு என்று குறித்திருக்கிறார்கள். டாப் என்றால் காய்ச்சல். பாரசீகத்தில் ‘தப்’ அல்லது ‘தப’ என்று காய்ச்சலுக்குச் சொல்வார்கள், இந்துஸ்தானியிலும் அப்படியே. பாரசீகத்துக்கும் சமஸ்கிருதத்துக்கும் பொதுவான வேர் அது. சமஸ்கிருதத்தில் தாபம்: சூடு, வேதனை.

தமிழ் வாசகருக்கு இந்தத் ‘தாபம்’ புதியது இல்லை. கோபதாபம் என்கிறோம். விரகதாபம் என்கிறோம். மனஸ்தாபம் என்பது மனசுக்குள் கனலும் சூடு. பரிதாபம் என்றால் முதலில் சுற்றிச் சுட்டெரிக்கும் வேதனை. பிறகுதான் அந்த வேதனைப்படுகிறவனைப் பார்த்து நமக்கு உண்டாகும் உணர்ச்சிக்கு அந்தப் பெயர் வந்தது. அனுதாபம் என்றால் இன்னொருவருடைய சூட்டைத் தொடர்ந்து நாமும் சுடுபடுவது. இத்தனை சொற்களிலும் இருக்கும் அதே துண்டுதான் ‘டூலாலி டாப்’பின் வாலிலும் தொங்கியது. இது தெரிந்தபோது நான் கொஞ்ச நேரம் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆங்கிலேயன் காதில் அந்த ‘டாப்’ தலையில் லேசாகத் தட்டுகிற தட்டாகத்தான் கேட்டிருக்கும், ஏனென்றால் ஆங்கிலத்தில் அந்த ஒலிக்கு அதுதான் அர்த்தம். காய்ச்சல் என்பது மறந்துபோனதும் வால் தேவையில்லாமல் ஆயிற்று. உதிர்ந்தது.

டாப் என்றால் மலேரியாவும்தான். கொசுவின் மூலம் அது பரவுவதை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-இல். அதுவரை கெட்ட காற்றால் வருகிறது என்றே பலர் நம்பினார்கள். மலேரியாவின் ஒரு வகை மூளையைத் தாக்கும். நோயாளி பிதற்றுவான், எழுந்து ஓடுவான், ஆளை அடையாளம் தெரியாது. காய்ச்சலும் சித்தப்பிரமையும் ஒரே பெயரில் கலந்ததில் ஆச்சரியமே இல்லை. பால்வினை நோயும் அப்படித்தான். 1890-களின் நடுவில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் துருப்புகளில் ஆயிரம் பேருக்கு 500-க்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிச் சேர்க்கைகள் ஒரே வருஷத்தில் பால்வினை நோய்க்காக நடந்தன. சிஃபிலிஸுக்கு அன்று உருப்படியான மருந்து இல்லை. அது பல வருஷம் உடம்புக்குள் ஒளிந்திருந்து கடைசியில் மூளைக்குப் போகும். ஊர் திரும்பிக் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, ஒரு நாள் காரணமே இல்லாமல் பேச்சு குழறத் தொடங்கினவனைப் பற்றி அவனுடைய பழைய நண்பர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்?

தேவளாலியில் ஒரு பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருந்தது, அதனால்தான் பெயர் வந்தது என்று ஒரு விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அது ஒப்பவில்லை. சொல்லே அதற்கு எதிராகப் பேசுகிறது. ஆஸ்பத்திரியால் வந்த பெயராக இருந்தால் ‘அவனை டூலாலிக்கு அனுப்பணும்’ என்று பேச்சு இருந்திருக்கும். அப்படி இல்லை. ‘டூலாலிக் காய்ச்சல் பிடித்துவிட்டது’ என்றுதான் இருக்கிறது. அங்கே போய்ப் பிடித்துக்கொண்ட நோய் அது.

இந்த வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மனநோய்க்கு ஊர்ப்பெயர் வைப்பது எல்லா மொழியிலும் உண்டு, நாமும் அதில் சளைத்தவர்கள் இல்லை. சென்னையில் ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்பார்கள்; அங்கே 1871 முதல் மனநல மருத்துவமனை இருக்கிறது. இலங்கையில் அங்கொடை. மலையாளத்தில் குதிரவட்டமும் ஊளம்பாறையும். இந்தியில் ராஞ்சி, ஆக்ரா. மராத்தியில் தாணே. ஆங்கிலத்தில் கூச்சல் குழப்பத்துக்குச் சொல்லும் பெட்லம், லண்டனில் 1247-இல் தொடங்கிய பெத்லகேம் மாதா மடத்தின் பெயர். அது பிறகு மனநோயாளிகளை அடைக்கும் இடமாயிற்று. இந்த ஊர்களெல்லாம் ‘கெட்ட’ பெயர் வாங்கியது, நோய் வந்தவர்களைக் கொண்டுபோய் விட்ட காரணத்தால். தேவளாலி அப்படி இல்லை. அங்கே போனவர்கள் நல்ல புத்தியோடு போனவர்கள். காத்திருக்க வைத்தே அவர்களைக் கலங்கடித்த இடம் அது. இப்படி ஒரு காரணத்துக்காக ஒரு ஊரின் பெயர் பைத்தியத்தின் பெயரானதை வேறெங்கும் நான் கண்டதில்லை.

கீழ்ப்பாக்கம் என்று சொல்லிச் சிரிப்பதை நான் நிறுத்திப் பல வருஷமாகிறது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் கீற்றுக்கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் எழுந்து ஓடக்கூட முடியாமல் கருகிப்போனார்கள். அன்றைக்குப் பேப்பரில் வந்த படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆங்கிலத்தில் டூலாலியை இன்று யாரும் நோயாளியைப் பார்த்துச் சொல்வதில்லை, சொன்னால் முகம் சுளிப்பார்கள். தன்னையே, இல்லாவிட்டால் மிக நெருங்கினவர்களை, அதுவும் பாசத்தோடு சொல்லும் சொல்லாக அது மாறிவிட்டது. அந்த மட்டில் அது நம்முடைய ஊர்ப்பெயர் வசவுகளைவிட நல்ல இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இந்தச் சொல் ஏன் பிழைத்தது என்றும் யோசித்தேன். பட்டாளத்துக்காரர்கள் இங்கிருந்து கொண்டுபோனவை எத்தனையோ. ஒன்று நம்முடையது: ‘காஞ்சி ஹவுஸ்’. ரெஜிமெண்டின் தற்காலிக லாக்கப்புக்கு இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையில் அதுதான் பெயர், ஏனென்றால் உள்ளே போனவனுக்குச் சாப்பாடு கஞ்சி. 1886-இல் ஹென்ரி யூலும் ஆர்தர் பர்னலும் சேர்ந்து வெளியிட்ட ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்ற ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதியில் கஞ்சிக்கு அடுத்த பதிவாக அது இருக்கிறது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனையின் சமஸ்கிருதச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். அகராதி அச்சாவதற்கு நாலு வருஷம் முன்பே இறந்துபோனார். லாக்கப் என்ற பொருளில் காஞ்சி ஹவுஸ் இங்கிலாந்தில் மறைந்துவிட்டது. ஆனால் உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் இன்று தெருமாடுகளைப் பிடித்து அடைக்கும் பட்டிக்குக் காஞ்சி ஹவுஸ் என்றுதான் சொல்கிறார்கள். தமிழ்க் கஞ்சி அங்கே மாட்டுக்கு வேலி கட்டி நிற்கிறது.

பிழைத்தவற்றில் டூலாலிக்கு ஜோடி என்று நான் நினைப்பது ‘பிளைட்டி’. ‘விலாயதி’ என்ற இந்துஸ்தானிச் சொல்லின் சிப்பாய் வடிவம். விலாயதி என்றால் சீமை. நாம் சீமெண்ணெய் என்றது போல வடக்கே சோடாவுக்கு ‘விலாயதி பானி’ என்றார்கள். இந்தியர்கள் ஆங்கிலேயனின் ஊரைக் குறிக்கச் சொன்ன வார்த்தையை ஆங்கிலேயனே தன் ஊருக்குப் பெயராக எடுத்துக்கொண்டான். முதல் உலகப் போரில் பிரான்ஸின் பதுங்குகுழிகளில் அது உச்சத்துக்குப் போயிற்று. உயிர் போகாமல், கை கால் முழுசாகப் போகாமல், ஊருக்கு அனுப்பிவிடுகிற அளவுக்குக் காயம் பட்டால் அது ‘பிளைட்டிக் காயம்’. அதற்காக ஏங்கினார்கள். பிளைட்டி என்பது வீடு. டூலாலி என்பது வீட்டுக்குப் போகும் வழியில் கதவு சாத்தியிருக்கும் இடம். ஊர் ஏக்கத்தைச் சொல்ல அந்தப் படைக்கு இரண்டு வார்த்தை தேவைப்பட்டது. இரண்டையும் நம் மண்ணிலிருந்தே எடுத்தார்கள்.

டூலாலி பிழைத்ததற்கு ஒலியும் காரணம். புத்தி மங்கினவர்களைச் சொல்ல ஆங்கிலத்தில் ‘காகா’, ‘லாலா’ என்று மழலை மாதிரி ஒலிக்கும் சொற்கள் உண்டு. டூலாலி அந்தக் கூட்டத்தில் சுலபமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. அது ஒரு ஊர் என்று தெரியாதவர்களுக்கும் கேட்டவுடனே என்னவென்று புரிந்தது. கொடுக்கல் வாங்கலில் நாமும் சும்மா இருக்கவில்லை. அவர்களுடைய ‘லூஸ்’ நம்மிடம் வந்து ‘லூசு’ ஆகி, இன்று எந்தக் கிராமத்துப் பிள்ளைக்கும் தாய்மொழிச் சொல்லாகிவிட்டது. மரை கழன்ற திருகாணியின் தளர்ச்சி அது. அவர்கள் நம்மிடம் ஒரு ஊரை எடுத்துக்கொண்டார்கள், நாம் அவர்களிடம் ஒரு திருகாணியை எடுத்துக்கொண்டோம்.

இரண்டாம் உலகப் போரில் தேவளாலி மறுபடி நிரம்பி வழிந்தது. போர் 1945-இல் முடிந்தும் கப்பல் போதவில்லை. ஊருக்கு அனுப்புவதில் தாமதம் ஆகிக்கொண்டே போனது. 1946 ஜனவரியில் கராச்சியின் டிரிக் ரோடு விமானப்படை நிலையத்தில் பிரிட்டிஷ் விமானப்படையினர் வேலைக்குப் போக மறுத்தார்கள். அது இந்தியாவின் மற்ற நிலையங்களுக்கும், இலங்கைக்கும், சிங்கப்பூருக்கும் பரவியது. எங்களை எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்பதே அவர்களுடைய முதல் கேள்வி. தேவளாலியின் தனித்தனிச் சிப்பாய்கள் குடித்தும், அடிதடியில் இறங்கியும், பிதற்றியும் வெளிப்படுத்தியதை இவர்கள் கூடி நின்று கேட்டார்கள். அதே வருஷம் பிப்ரவரியில் பம்பாயில் இந்தியக் கடற்படையினரின் எழுச்சி வந்ததால், வரலாற்றுப் புத்தகங்களில் விமானப்படைக்காரர்களுக்கு இரண்டு வரிக்கு மேல் இடம் கிடைக்கவில்லை.

கடைசி பிரிட்டிஷ் பட்டாளம் 1948 பிப்ரவரி 28 அன்று பம்பாயின் கேட்வே ஆஃப் இந்தியா வளைவுக்குள் நடந்துபோய்க் கப்பலேறியது. 1974-இல் பிபிசி தேவளாலி முகாமைக் களமாக வைத்து ஒரு நகைச்சுவைத் தொடரைத் தொடங்கியது, 1981 வரை ஓடியது. ராணுவம் பக்கமே போகாத தலைமுறைக்கும் அந்த ஊர்ப்பெயர் காதில் விழுந்தது அதனால்தான். இன்று தேவளாலியில் இந்தியப் பீரங்கிப் படையின் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. நல்ல காற்றுக்காக மும்பைக்காரர்கள் போய்த் தங்கும் ஊர்.

என் வசன வரிக்குத் திரும்புகிறேன். ஒரு வரிக்கு 40 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, பார்க்கிறவர் படித்து முடிப்பதற்குள் அடுத்த வசனம் வந்துவிடும். ஆகவே நாசிக்கையும் கப்பலையும் அதற்குள் கொண்டுவர வழியே இல்லை. ஆனால் ‘பைத்தியம் பிடித்துவிடும்’ என்பதை விட்டுவைக்கவும் மனசு வரவில்லை. அந்த அக்கா சொல்வது பைத்தியத்தை இல்லை. சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதை. தமிழில் அதற்கு ஒரு வழக்கு இருக்கத்தான் செய்கிறது: காத்திருந்து காத்திருந்து கண்ணு பூத்துப்போச்சு என்பார்கள் எங்கள் வீட்டில். பார்த்துக்கொண்டே இருந்து பார்வை மங்கிப்போவது. தேவளாலியில் மங்கியது பார்வை இல்லை. ஒரு சொல்லை மட்டும் மாற்றினேன்.

“இன்னும் ஒரு மணி நேரம் உக்காந்தா
புத்தி பூத்துப்போயிடும்டி எனக்கு.”